எழுத்துருவும் இலக்கிய வரலாறும்: தைவான் பிரஸ்பிட்டேரியன் திருச்சபைத் திங்களிதழை முன்வைத்துச் சில கருத்துகள்

முன்னுரை

தமிழில் இதழியல் ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. இதழ் தோன்றிய ஆண்டு, ஆசிரியர், விலை, பக்க அளவு, உள்ளடக்க வகைப்பாடு, நின்ற ஆண்டு என்ற வரிசையில் செய்திகள் நிரப்பப்படுகின்றன. அவ்விதழை எவர் படித்தனர், படிப்பதற்கு அவர்கள் எந்த எழுத்தை எவ்வளவு காலம் கற்க வேண்டியிருந்தது, அவ்வெழுத்தில் அச்சிட என்ன செலவாயிற்று என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. சமய இதழ்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். 'சமயப் பரப்பலுக்காகத் தோன்றிய இதழ்' என்ற ஒற்றைத் தொடரோடு ஆய்வாளர் கடந்துபோய்விடுகிறார்.

இக்குறையை உணர்த்துவதற்குத் தமிழுக்கு வெளியிலிருந்து ஒரு சான்றை எடுத்துக்கொள்கிறேன். தைவான் தீவின் தென்பகுதியில் 1885ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் வெளிவரத் தொடங்கிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் திங்களிதழே அச்சான்று. அத்தீவில் அச்சான முதல் செய்தி இதழ் அதுவே. அதன் வரலாறு ஒரு மொழியின் எழுத்து வரலாறாகவும், அவ்வெழுத்தை இலக்கிய வரலாறு கண்டுகொள்ளாமல் விட்ட வரலாறாகவும் இருக்கிறது. தமிழாய்வாளருக்கு அதில் உறைக்க வேண்டிய பகுதி பிந்தையது என்பது என் கருத்து.

பெட்டிகளில் கிடந்த அச்சுப்பொறி

இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் முதல் மருத்துவப் பணியாளராக ஜேம்ஸ் லெயிட்லா மேக்ஸ்வெல் 1865இல் தைவானுக்கு வந்தார். தாயகம் திரும்பிய பின்னர், தைநான் நகரிலிருந்த பணிக்களத்திற்கு ஓர் அச்சுப்பொறியை அன்பளிப்பாக அனுப்பினார். பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பூட்டி இயக்க அறிந்தவர் அங்கு எவருமில்லை. சில ஆண்டுகள் அவை பிரிக்கப்படாமலே கிடந்தன. 1875 முதல் அங்குப் பணியாற்றிவந்த தாமஸ் பார்க்ளே விடுப்பில் தம் சொந்த ஊராகிய கிளாஸ்கோவுக்குச் சென்றபோது, அங்கோர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கவும் அச்சிடவும் பழகிக்கொண்டார். 1884இல் திரும்பி வந்து பொறியை இயக்கினார். அடுத்த ஆண்டில் இதழ் பிறந்தது. பார்க்ளே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், பின்னர் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற இயற்பியலறிஞர் வில்லியம் தாம்சனிடம் பயின்றவர். மின்னியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றிலும் இணையாசிரியர். இறையியல் கற்ற ஒருவர் அச்சுக்கோப்பவராகவும் மாற அணியமாக இருந்ததில் அந்தப் பயிற்சிக்கும் பங்கு இருந்திருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது.

அவ்விதழ் சீன எழுத்துகளில் அச்சாகவில்லை. தைவானில் பெரும்பான்மையோர் பேசிய மொழி, சீனத்தின் ஃபுஜியன் மாநிலத் தென்பகுதியிலிருந்து வந்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் 'ஹொக்கியன்' என்று அறிந்திருக்கும் மொழியின் கிளையே அது. அதனை உரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் 'பே-ஓயே-ஜீ' என்று பெயர். 'பேச்சுமொழி எழுத்து' எனப் பொருள்படும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாக்கா, பத்தாவியா ஆகிய இடங்களில் ஹொக்கியன் மக்களிடையே மொழி பயின்ற மெதர்ஸ்ட் போன்றோரின் அகராதி முயற்சிகளில் கருக்கொண்டு, அமோய்த் துறைமுகத்தில் உருப்பெற்று, அங்கிருந்து தைவானுக்கு வந்த முறை அது. தொனிகளைக் காட்ட உயிரெழுத்துகளின் மேல் குறிகள் இடப்படும். ஒரு சொல்லின் அசைகள் சிறுகோட்டால் இணைக்கப்படும். அமோய் வழக்குக்குக் கார்ஸ்டேர்ஸ் டக்ளஸ் 1873இல் வெளியிட்ட அகராதியும், தைநானில் பணியாற்றிய வில்லியம் கேம்பல் 1913இல் வெளியிட்ட அகராதியும் இவ்வெழுத்துக்கு நிலைபேறு தந்தன.

இத்தேர்வுக்கான காரணங்களில் முதலாவது பொருளியல் சார்ந்தது. சீன எழுத்தில் ஓர் இதழை அச்சிடப் பல்லாயிரம் அச்செழுத்துகளும், அவற்றைத் தேடியெடுத்துக் கோக்கும் தேர்ந்த தொழிலாளரும் வேண்டும். உரோமன் எழுத்துக்குச் சில பெட்டிகள் போதும். ஓரிரு மாதங்களில் பழகிய ஒருவர் கோத்துவிடுவார். இரண்டாவது காரணம் வாசிப்புச் சார்ந்தது. செவ்வியல் சீன நூல்களைப் படிக்கப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. அப்பயிற்சி பெரும்பாலும் வசதி படைத்த ஆண்மக்களுக்கே வாய்த்தது. உரோமன் எழுத்தையோ, பேசத் தெரிந்த எவரும் சில வாரங்களில் கற்றுவிடலாம். அன்றியும் தைவானிய மொழியின் அன்றாடச் சொற்கள் பலவற்றுக்கு எல்லாரும் ஒப்பிய சீன எழுத்துகள் இல்லை. பேசுவதை அப்படியே எழுத வேண்டுமாயின் சீன எழுத்து இடம் தராது.

மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிரஸ்பிட்டேரியன் என்னும் பெயரே 'மூப்பர்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இச்சபைகளில் ஆட்சி, சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களிடம் இருக்கிறது. மூப்பர் அறிக்கை படிக்க வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டும். பிற ஊர்ச் சபைகளின் முடிவுகளை அறிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாத மூப்பர்களை வைத்துக்கொண்டு இத்தகைய ஆட்சிமுறையை நடத்த இயலாது. ஆகவே திங்களிதழ் அங்கே பரப்புரைக் கருவியாக மட்டுமன்றி நிருவாகத் தேவையாகவும் இருந்தது. தமிழகத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது; 1908இலும் 1947இலும் நிகழ்ந்த சபை இணைப்புகளால் பிரஸ்பிட்டேரியன் என்ற பெயர் இங்குப் பெரும்பாலும் வழக்கொழிந்தது. அதனால் இந்த ஆட்சிமுறைக்கும் அச்சுக்குமுள்ள தொடர்பு நம் ஆய்வுகளில் கவனம் பெறவில்லை போலும்.

முதல் இதழின் வேண்டுகோள்

முதல் இதழில் பார்க்ளே வாசகருக்கு எழுதிய முகவுரையின் சாரம் கவனிக்கத்தக்கது. மறைநூலைத் தாமே படித்தறிய மக்கள் இவ்வெழுத்தைக் கற்க வேண்டும் என்கிறார்; கற்றவர் தொகை இன்னும் குறைவாயிருப்பதற்கு வருந்துகிறார். பின்பு, கன்பூசியஸின் எழுத்தை அறிந்தவர்கள் தமக்கு இது வேண்டுவதில்லை என்று எண்ணலாகாது. சிறுபிள்ளைகள் படிப்பது என்று இதனை இழிவாக நோக்கவும் கூடாது என்று வேண்டுகிறார். அக்காலக் கற்றோர் இவ்வெழுத்தை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இவ்வேண்டுகோளே சான்று. எழுத்துக்குள் ஒரு படிநிலை இருந்தது. இதழ் அப்படிநிலையின் கீழ்ப்படியில் நின்றுகொண்டு பேசிற்று.

அதே நகரில் 1887இல் பணிக்களத்தார் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். கால் கட்டப்பட்ட சிறுமியரை அப்பள்ளி சேர்த்துக்கொள்வதில்லை. மரபுவழிக் கல்வியின் வாயிலில் நிற்கவும் இடம் பெறாத பெண்கள் இவ்வெழுத்தின் வழியே வாசகராயினர். இதழில் சபைச் செய்திகளோடு உள்ளூர்ச் செய்தி, வெளிநாட்டுச் செய்தி, பொதுஅறிவு, கதை முதலியனவும் இடம்பெற்றன. தொடக்கத்தில் தைநானைக் குறித்த நகரப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியிருந்த இதழ், தென் சபையும் வட சபையும் 1912இல் ஒரே பேரவையாக இணைந்ததை அடுத்து 1913இல் 'தைவான் திருச்சபைச் செய்தி' எனப் பெயர் பெற்றது. 1932இல் மீண்டும் சற்றே மாறிய பெயரே இன்றும் வழங்குகிறது. ஓர் இதழின் பெயர்மாற்றங்களைப் பட்டியலிடுவதோடு நில்லாமல், அப்பெயரில் வரும் ஊர் எப்போது நாடாக விரிந்தது என்று கேட்டால் வரலாறு வேறுவிதமாய்த் தெரிகிறது.

இரண்டு அரசுகள், ஓர் எழுத்து

1895இல் தைவான் சப்பானின் ஆட்சிக்குள் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சப்பானியப் படை தைநானை நெருங்கியபோது, நகரத்தார் வேண்டியதற்கிணங்கப் பார்க்ளேயும் உடன்பணியாளர் ஒருவரும் படைமுகாமுக்குச் சென்று அமைதியான நுழைவுக்கு வழிசெய்தனர். ஆட்சிமாற்றத்திற்குப் பின்பும் இதழ் தொடர்ந்தது. 1937இல் நாளேடுகளின் சீனமொழிப் பகுதிகள் நிறுத்தப்பட்ட பிறகும் உரோமன் எழுத்துத் திங்களிதழ் 1942வரை நின்று நிலைத்தது. போர் முடிந்த பின் மீண்டும் தோன்றியது. எனினும் புதிதாய் வந்த கோமிந்தாங் அரசு மாண்டரின் ஒன்றையே தேசிய மொழியாக நிலைநாட்ட முனைந்தது. அவ்வழுத்தத்தின் விளைவாக 1969இல் இதழின் உரோமன் எழுத்துப் பதிப்பு முற்றுப்பெற்றது; 1970 முதல் இதழ் மாண்டரினில் வெளிவந்தது. 1975இல் இவ்வெழுத்தில் அச்சான புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும் பறிமுதல் செய்யப்பட்டது.

சப்பானிய ஆட்சியில் இவ்வெழுத்தைச் சபைக்கு வெளியே கொண்டுசெல்ல முயன்றவர் சாய் பெய்ஹுவோ. 1921இல் தோன்றிய தைவான் பண்பாட்டுக் கழகத்தின் முன்னணியாளருள் ஒருவரான அவர், எழுத்தறிவின்மையைப் போக்க இதுவே நேர்வழி என்று வாதிட்டார். 1925இல் தம் கருத்துகளை இவ்வெழுத்திலேயே நூலாக்கினார். அரசு இசையவில்லை. ஓர் அரசுக்கு இது தன் மொழிக் கொள்கைக்கு இடையூறாகத் தோன்றிற்று; அடுத்து வந்த அரசுக்கும் அவ்வாறே தோன்றிற்று. கொள்கையால் ஒன்றையொன்று பகைத்த இரு அரசுகள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின.

1969இல் நேர்ந்தது எழுத்துமாற்றம் மட்டுமன்று. மாண்டரின் அறியாது, உரோமன் எழுத்து ஒன்றையே கற்றிருந்த முதியோருக்கு அது எழுத்தறிவையே பறித்ததற்கு ஒப்பாகும். நேற்றுவரை படித்தவர் இன்று படிக்கத் தெரியாதவர் ஆனார். எழுத்தறிவு என்பது தனிமனிதரின் திறன் என்று மட்டும் நாம் கருதிப் பழகியிருக்கிறோம். படிப்பதற்கு எதுவும் அச்சாகாதபோது அத்திறனுக்கு என்ன பொருள்?

இதே தைநான் வட்டாரத்தில் இதற்கு முந்தைய கதையும் ஒன்றுண்டு. 1624 முதல் 1662வரை ஒல்லாந்தர் அங்கு ஆண்டபோது, அவர்களுடைய சீர்திருத்தச் சபைப் போதகர்கள் சிராயா என்னும் தொல்குடியினரின் மொழியை உரோமன் எழுத்தில் எழுதக் கற்பித்தனர். ஒல்லாந்தர் வெளியேறிய பிறகும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அம்மக்கள் நில ஒப்பந்தங்களை அவ்வெழுத்தில் எழுதிவந்தனர். 'சின்கான் ஆவணங்கள்' எனப்படும் அவையே இன்று வழக்கிறந்த அம்மொழிக்கு அரிய சான்று. போதகர் போனார், எழுத்து நின்றது. தமக்கு நிலமும் வழக்கும் இருந்தவரை மக்கள் அதனைத் தமதாகவே வைத்துக்கொண்டனர். அந்நிய எழுத்து என்று ஒதுக்கும் முன் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

இலக்கிய வரலாறு விட்டது

1925இல் லாய் ரென்ஷெங் எழுதிய, 'தாயின் கண்ணீர்' எனப் பெயர் பெயர்க்கத்தக்க புதினமும், 1926இல் ஜெங் ஷிபான் எழுதிய, 'உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கோடு' எனப் பொருள்படும் புதினமும் இவ்வெழுத்தில் வெளிவந்தன. பேச்சுமொழியில் அமைந்த உரைநடைப் புனைவுகள் அவை. தைவான் நவீன இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் லாய் ஹேயின் படைப்புகள் அச்சேறத் தொடங்கியதும் இதே ஆண்டுகளில்தான். ஆயினும் நெடுங்காலம் தைவான் இலக்கிய வரலாறுகள் சீன எழுத்தில் எழுதியோரையும் சப்பானிய மொழியில் எழுதியோரையும் மட்டுமே பேசின. உரோமன் எழுத்துப் புனைவுகள் சபைநூல்கள் எனத் தள்ளப்பட்டன. 1987இல் இராணுவச் சட்டம் நீங்கிய பின்னரே, தாய்மொழி இயக்கத்தினரின் முயற்சியால் அவை ஆய்வுக்குள் வந்தன. இத்தனைக்கும் அவை மறைந்து கிடக்கவில்லை. சபைக் குடும்பங்களின் அலமாரிகளிலேயே இருந்தன.

ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றை அம்மொழி வரையறுக்கவில்லை; அம்மொழிக்கு உரியதென்று கற்றோர் ஏற்றுக்கொண்ட எழுத்தே வரையறுக்கிறது. தைவானைப் பற்றி இதனை எளிதில் ஒப்புக்கொள்வோம். தமிழைப் பற்றி ஒப்புக்கொள்வோமா?

தமிழுக்குத் திரும்புதல்

1554இல் இலிசுபனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூல் உரோமன் எழுத்தில் அமைந்தது. 1578இல் கொல்லத்தில் என்றிக்கு என்றீக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்துவிட்டது. தமிழுக்கு நெடிய எழுத்து மரபு இருந்தமையாலும், அதனைப் படிப்போர் ஊர்தோறும் இருந்தமையாலும் உரோமன் வழி இங்கே வேரூன்றவில்லை. அச்செழுத்துகளின் தொகையும் சீனத்தைப் போல் ஆயிரக்கணக்கில் இல்லை. ஆகவே தைவானின் சூழலை அப்படியே இங்குப் பொருத்துவது பிழை. 2013இல் தமிழை உரோமன் எழுத்தில் எழுதலாம் என்றொரு கருத்து நாளிதழில் முன்வைக்கப்பட்டபோது எழுந்த கடும் மறுப்பில் எனக்கும் உடன்பாடே. தைவானில் எழுத்தில்லாப் பேச்சுக்கு எழுத்துத் தந்த முறை, எழுத்துள்ள தமிழுக்குத் தேவையற்றது.

ஆயினும், அவ்வாறு எழுதுக என்பதை மறுப்பது வேறு. அவ்வாறு ஏற்கெனவே எழுதப்பட்டதைப் படிக்க மறுப்பது வேறு. அரபுத் தமிழை எண்ணிப் பார்க்கலாம். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை முதலிய இடங்களில் முசுலிம்கள் தமிழை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கெனச் சிறப்பு வடிவங்கள் சேர்த்து எழுதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'மகானி' போன்ற உரைநடை நூல்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தன. பெண்கள் உள்ளிட்ட பெருந்தொகையான வாசகர் அவற்றைப் படித்தனர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் நம் பாடத்திட்டங்களில் உரிய இடம் பெற்றிருக்கிறது. அது தமிழ் எழுத்தில் அமைந்த காப்பியம். அரபுத் தமிழ் உரைநடைக்கு நம் உரைநடை வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு பத்திக்கு மேல் இல்லை. காரணம் சமயம் என்றால் சீறாவும் விலக்கப்பட்டிருக்கும். விலக்கியது எழுத்துருவே. முதுகலையில் எனக்குத் தமிழியும் வட்டெழுத்தும் படிக்கப் பயிற்சி தரப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் உயிருடன் வழங்கிய அரபுத் தமிழைப் படிக்க எவரும் பயிற்றவில்லை. அதனைக் குறை என்று அன்று நானும் உணரவில்லை.

கிறித்தவ இதழ்களின் நிலை இதனின் வேறு. 1831இல் சென்னையில் தொடங்கிய 'தமிழ் மேகசின்', 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனார் தொடங்கிய 'உதயதாரகை' முதலியன தமிழ் எழுத்திலேயே வந்தன. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கிறித்தவமும் தமிழும்' (1936) கிறித்தவர் ஆற்றிய பணிகளைத் தொகுத்துத் தந்தது. அதன்பின் வந்தவர்கள் அத்தொகுப்பை விரித்தனரேயன்றி வினாவை மாற்றவில்லை. பெரும்புலவர், அகராதியாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் 'தொண்டு' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. சபை இதழ்களின் கடைசிப் பக்கங்களில் சிற்றூர் உபதேசியாரும் பள்ளியாசிரியரும் எழுதிய மடல்கள், இறந்தோர் நினைவுக் குறிப்புகள், பஞ்சகாலச் செய்திகள், நன்கொடைப் பட்டியல்கள் ஆகியன தொண்டுமல்ல, இலக்கியமுமல்ல என்று விடப்பட்டன. குடும்பத்தில் முதன்முதலாக எழுதக் கற்ற ஒருவர் அச்சுக்கென்று எழுதிய உரைநடை அங்கன்றி வேறெங்கே கிடைக்கும்?

இதற்கு வரக்கூடிய மறுப்பை அறிவேன். அவ்வுரைநடை மொழிபெயர்ப்பு நடை, பாதிரித்தமிழ், ஆசிரியரின் கைபட்டுத் திருத்தப்பட்டது, அதில் மக்களின் குரலைத் தேடுவது வீண் என்பர். மறுப்பில் உண்மை உண்டு. தைவான் இதழ் பேச்சை அப்படியே அச்சிட்டது. தமிழ்ச் சபை இதழ்கள் அவ்வாறு செய்யவில்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் வகுக்க நேர்ந்த மொழி இது. இதழாசிரியர்கள் இரண்டிற்கும் இடையில் ஒரு நடையைத் தேடினர். ஆனால் அந்தத் தேடலே ஆய்வுப் பொருள் அல்லவா? ஓர் உபதேசியாரின் மடலில் செந்தமிழ் வினைமுற்று எங்கே தடுமாறுகிறது, வட்டார வழக்கு எங்கே தலைகாட்டுகிறது, மறைநூல் தொடர் எங்கே துணைக்கு வருகிறது என்று வரிவரியாகக் காண்பவர்க்குத் தமிழ் உரைநடை உருவான பட்டறை தெரியும். நடைக் கலப்பைக் குறையாகக் கண்டு ஒதுக்குபவர்க்கு அது தெரியாது.

இதற்கு முன்நிபந்தனையாக ஒரு சிறு நடைமுறை மாற்றம் தேவை. நம் நூலகப் பட்டியல்களிலும் மின்னாக்கத் திட்டங்களிலும் மொழியும் எழுத்துருவும் தனித்தனிப் புலங்களாகப் பதியப்பட வேண்டும். இன்று அரபுத் தமிழ் நூல் 'அரபு' என்ற தலைப்பின்கீழ்ப் பதியப்பட்டால் தமிழ் தேடுபவர் கண்ணில் அது படாது. உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கும் அதே கதிதான். சபை இதழ்களைப் பொறுத்தவரை, தலையங்கமும் கட்டுரையும் மட்டும் அட்டவணைப்படுத்தப்படுகின்றன. மடல் எழுதியோரின் பெயரும் ஊரும் அட்டவணையில் ஏறுவதில்லை. தைவானில் அத்திங்களிதழின் பழைய தொகுதிகள் மறுபதிப்பாகி ஆய்வாளர் கைக்கு வந்த பிறகுதான் மேற்சொன்ன வினாக்கள் அங்கே எழுந்தன. இங்குச் சபைகளின் பழைய கட்டடங்களில் ஈரம் பட்டுக் கிடக்கும் தொகுதிகளை முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் தனியே சென்று கேட்டால், பெரும்பாலும் இறையியல் மாணவர்தாமே என்ற வினாவே முதலில் வரும். தமிழ்த்துறை மாணவர் என்று சொன்னால் எதற்கு என்பது அடுத்த வினாவாக இருக்கும். அவ்வினாவுக்கு விடை சொல்லத்தக்க பரிந்துரை மடல் ஒன்றைத் துறைகள் வழங்கினாலே பாதி வேலை முடியும்.